ஏழாம் எண் தண்ணீர்

எனக்குக் குழப்பம் பிடிக்காது. வேதியியல் எடுத்துப் படித்ததற்கே அதுதான் காரணம் என்று தோழிகளிடம் பெருமையடித்திருக்கிறேன். நிறம் மாறினால் மாறியது, மாறாவிட்டால் மாறவில்லை; நடுவில் நின்று வழவழவென்று பேச இடமில்லை. ஆய்வகத்தில் எனக்குக் கோபக்காரி என்று பெயர் உண்டு. ஒரு சொட்டு கூடிவிட்டாலும் முழுச் சோதனையையும் மறுபடி செய்யச் சொல்லி மாணவிகளை வதைப்பேன். அப்படிப்பட்ட என்னை ஒரு வீட்டுத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது.

மன்னார்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை. ஊரின் குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வரும் பொறுப்பு எங்கள் துறைக்கு வந்தது. பன்னிரண்டு வீடுகளில் போர் தண்ணீரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துச் சோதிக்க வேண்டும். குப்பையை இப்போது இயந்திரம் வைத்துச் சலித்து அள்ளுகிறார்கள், மலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் இத்தனை வருஷ மழை அதில் ஊறி, அதன் சாற்றைக் கீழே இறக்கியிருக்கிறது. மேலே இருப்பதை அள்ளலாம், கீழே போனதை என்ன செய்வது? அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போவேன். கையில் ஐஸ் பெட்டி, அதற்குள் பாட்டில்கள். வீட்டில் மோட்டாரைப் போடச் சொல்லிப் பத்து நிமிஷம் தண்ணீரை ஓடவிட வேண்டும். குழாயில் தங்கிய பழைய தண்ணீர் போய் பூமியிலிருந்து புதுத் தண்ணீர் வர வேண்டும். பிறகு அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி, எண் எழுதி, ஐஸில் வைக்க வேண்டும். இந்த ஒழுங்கில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. இதை இப்போது சொல்லும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

ஏழாம் எண், கிடங்கின் சுற்றுச்சுவருக்கு ஒரு தெரு தள்ளி இருந்த வீடு. பன்னிரண்டில் அதுதான் குப்பைக்கு மிக அருகில். முன்பகுதியில் வீட்டுக்காரம்மா இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கணவரை இழந்தவர், தையல் வேலை செய்கிறவர். மகன் வெளிநாட்டில். வாசலில் மாதா படமும் கம்பிக் கதவும், உள்ளே பளிச்சென்று துடைத்த தரையுமாக வீடு எப்போதும் விருந்தாளிக்குத் தயாராக இருக்கும். முதல் தடவை சொல்லாமல் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதிலிருந்து முந்தின நாளே போன் செய்துவிடுவது வழக்கமாயிற்று. வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று என்னை உள்ளே உட்கார வைத்து ஃபேனைப் போடுவார். பின்கட்டிலிருந்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் கழித்து எழுந்துபோய், மேல்தொட்டிக்கு ஏறும் குழாயின் அடியில் இருக்கும் டேப்பில் பாட்டிலைப் பிடிப்பேன்.

முதல் சுற்றின் முடிவு வந்தபோது ஏழாம் எண்ணை நான் நம்பவில்லை. பக்கத்துத் தெருவில் ஐந்தும் ஆறும் உப்புக் கரித்தன. அரை மைல் தள்ளி இருந்த பதினொன்றில்கூட நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது. குப்பைக்கு மூக்கோடு மூக்கு வைத்திருந்த ஏழு மட்டும் சுத்தமாக இருந்தது. உப்பு குறைவு, அம்மோனியா இல்லை, நைட்ரேட் சொல்லும்படியாக இல்லை. பாட்டில் மாறிப்போயிற்று என்று நினைத்து, உதவிக்கு இருந்த மாணவியைக் காரணமே இல்லாமல் திட்டினேன். இரண்டாவது சுற்றிலும் அப்படியே வந்தது. மூன்றாவதற்கு நான் மட்டும் போனேன், எண்ணை நானே எழுதினேன், சோதனையையும் நானே செய்தேன். மறுபடி அதே சுத்தம்.

துறைத்தலைவருக்கு இது குழப்பமாகப் படவில்லை, கொண்டாட்டமாகப் பட்டது. அந்த இடத்தில் பூமிக்கு அடியில் களிமண் அடுக்கு ஒன்று குறுக்கே கிடக்கும், அது சாற்றைத் தடுத்துவிடும், வாய்க்கால் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீர் அங்கே வந்து சேரும் என்று பலகையில் அம்புக்குறிகளாக வரைந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் குழப்பம் மறுபடி ஆரம்பித்துவிடும். களிமண் என்றால் பக்கத்து வீட்டுக்கு ஏன் இல்லை? வாய்க்கால் தண்ணீர் என்றால் நடுவில் இருக்கும் ஆறாம் எண்ணைத் தாண்டிக்கொண்டா வரும்? காவிரிப் பாலம் கடக்கும்போது கீழே மணலைப் பார்ப்பேன், என் கேள்விக்குப் பதில் அங்கே ஏதோ எழுதியிருப்பது போல. வீட்டில் சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். நிலத்தடி நீரைச் சோதிக்கிறவள் சமையலில் கடல்தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டாய் என்று கணவர் கிண்டல் செய்தார்.

நான்காவது சுற்றுக்குப் போனபோது ஏழாம் எண் வீட்டின் பின்பகுதியில் புதிதாகக் குடிவந்திருந்தார்கள். கணவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மனைவிக்கு இருபத்து நான்கு வயது இருக்கும், வையம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. நான் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் தெருக்குழாயிலிருந்து ஒரு குடத்தை இடுப்பில் வைக்காமல், வயிற்றிலும் படாமல், கையிலேயே தொங்கவிட்டு இழுத்துக்கொண்டு வந்தாள். நான்கு அடிக்கு ஒரு முறை கீழே வைத்தாள்.

தாய்ப்பால் போதவில்லை, டாக்டர் பால்பவுடர் எழுதிக்கொடுத்திருந்தார். அதைக் கலக்கத்தான் அந்தத் தண்ணீர். தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிவதற்குள் வந்து போய்விடும். வீட்டுக்காரம்மாவுக்குக் காவிரித் தண்ணீர் வரும் கார்ப்பரேஷன் இணைப்பும், அதைப் பிடித்து வைக்கத் தரைக்கடியில் கீழ்த்தொட்டியும் இருந்தன. கேட்டால் கொடுப்பார், தினமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாள். அவள் பகுதியில் இருந்த குழாயில் மேல்தொட்டியிலிருந்து போர் தண்ணீர்தான் வந்தது. குளிக்க, துவைக்க மட்டும் வைத்திருந்தாள்.

என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, அவள் நேராகவே கேட்டாள்.

"மேடம், இந்தத் தண்ணியை நீங்க டெஸ்ட் பண்றீங்களாமே. குழந்தைக்கு இதுல பால் கலக்கலாமா?"

அவளுடைய அடுப்பில் வெந்நீர் வைக்கும் அலுமினியப் பாத்திரம் இருந்தது. அதன் உள்பக்கம் வெள்ளையாகக் கல் போலப் படிந்திருந்ததைக் கண்டேன். நல்ல தண்ணீரில் அப்படிப் படியாது. அது எனக்கு உறுத்தியது, பொய் சொல்லவில்லை. ஆனால் பழைய பாத்திரமாக இருக்கும், வேறு ஊர்த் தண்ணீரில் படிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று முறை சோதித்திருக்கிறேன். கடைசித் தடவை எண் எழுதியதும் சோதித்ததும் நானேதான். அந்தக் குடத்தை அவள் இன்னொரு முறை தூக்கக் கூடாது என்றும் இருந்தது.

"தாராளமா குடுக்கலாம்மா," என்றேன். "இந்தப் பக்கத்துலயே உங்க போர் தண்ணிதான் நல்லா இருக்கு. நல்லா கொதிக்க வெச்சு, ஆற வெச்சுக் குடுங்க."

அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்தது. வீட்டுக்காரம்மா காபி டம்ளரோடு கதவருகே நின்றிருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நான்காவது முடிவும் சுத்தமாக வந்தது. என் வாக்கு சரிதான் என்று நிம்மதியாக இருந்தேன்.

அதற்கு அடுத்த சுற்று வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சனிக்கிழமை மாலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடியிருப்பில் போர் மோட்டார் எரிந்துபோய்ப் புதிதாக இறக்கினார்கள். கீழ்வீட்டு மாமி, பெருமாளுக்குத் தளிகை பண்ணிப் படைக்க ஒரு சொட்டுத் தீர்த்தம் இல்லை என்று காலையிலிருந்து படியிலேயே நின்றுகொண்டிருந்தார். பிளம்பர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, தண்ணீர் ஏறுகிறது என்றார். மாமி நம்பவில்லை.

"ஓடறதா இல்லையான்னே தெரியலையே. ஒரு சத்தத்தைக் காணோமே."

"சப்மெர்சிபிள்ங்க மாமி. நூறு அடிக்குக் கீழ தண்ணிக்குள்ள ஓடுது. மேல எப்படிங்க சத்தம் கேக்கும்?"

மாமி தொட்டியில் தண்ணீர் விழுவதைக் கேட்க மாடிக்குப் போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முதலில் எனக்கு என்ன தோன்றியது என்றே புரியவில்லை. பிறகு ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். ஐந்தாம் எண்ணில் மோட்டார் போட்டால் சத்தம் வருமா? வராது. ஆறில்? வராது. பதினொன்றில், ஓடுகிறதா என்று நானே ஒரு முறை கேட்டிருக்கிறேன். எல்லாம் பூமிக்குள் ஓடும் மோட்டார்கள். ஏழாம் எண்ணில் மட்டும் நான் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, பின்கட்டில் 'கொர்' என்று ஓடும் மோட்டாரைக் கேட்டுக்கொண்டு கடிகாரம் பார்த்திருக்கிறேன். நான்கு முறை. தரைமேல் இருக்கும் சின்ன மோட்டார்தான் அப்படிச் சத்தம் போடும். கீழ்த்தொட்டியிலிருந்து மேலே ஏற்றுகிற மோட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. இல்லை, அப்படி இருக்காது, அந்த வீட்டில் போருக்கே பழைய மோட்டார் இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம் அந்தப் பாத்திரத்தின் வெள்ளைப் படிவு கண்ணுக்கு முன் வரும். நைட்ரேட் மிகுந்த தண்ணீர் பெரியவர்களைச் சட்டென்று ஒன்றும் செய்யாது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அது ரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் அதன் வேலையைக் கெடுத்துவிடும், உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும். வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தது. போன் செய்து சொல்லியிருக்கலாம். தவறாக இருந்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்திவிட்டால் என்று தயங்கினேன். அவளுக்காகத் தயங்கினேனா, என் பெயருக்காகத் தயங்கினேனா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். முதல் தடவைக்குப் பிறகு அன்றுதான் சொல்லாமல் போனது. வீட்டுக்காரம்மா பூசை முடிந்து சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, மோட்டார் ஸ்விட்ச் எங்கே என்று கேட்டேன். பின்கட்டுச் சுவரில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு ஸ்விட்சுகள் இருந்தன. அவர் கை தானாக இடதுபக்கத்துக்குப் போயிற்று. சின்ன மோட்டார் சத்தத்தோடு கிளம்பியது. அதை அணைக்கச் சொல்லி வலதுபக்கத்ததைப் போடச் சொன்னேன். எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதே டேப்பில் தண்ணீர் வந்தது. இரண்டு மோட்டாரும் ஒரே குழாயில்தான் சேர்ந்திருந்தன. எந்த மோட்டார் ஓடுகிறதோ அந்தத் தண்ணீர்.

பத்து நிமிஷம் நின்றேன். கையில் பிடித்துப் பார்க்கும் உப்பு மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போயிற்று. நைட்ரேட்டுக்கான காகிதப் பட்டையை நனைத்ததும் அடர்ந்த ரோஸ் நிறமாக மாறியது. பன்னிரண்டு வீடுகளில் இதுதான் மோசம் என்று சொல்ல ஆய்வகம் தேவைப்படவில்லை. ஒரு வருஷமாக நான் ஐஸ் பெட்டியில் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதித்தது காவிரித் தண்ணீர்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துதான் இருந்தது. அவருக்கு என் கோபமே புரியவில்லை.

"நாளைக்குத் தண்ணி பார்க்க வரோம்னு போன் பண்றீங்க. வீடு பார்க்க வராங்கன்னா கூட்டிப் பெருக்கித்தானே வைப்போம்? நாத்தத் தண்ணியவா டீச்சர் உங்க கையில புடிச்சுக் குடுக்க முடியும்?"

பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேறொன்றையும் சொன்னார். முன்பு எங்கேயோ தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அடிபம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்களாம். தன் வீட்டுக்கும் அப்படி அடித்துவிட்டால் பின்பகுதிக்கு யார் குடிவருவார்கள் என்று பயமாக இருந்ததாம். மரியாதையா, பயமா, இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்றும் சந்தேகம்தான். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் நான் குடுக்கலாம் என்று சொன்னபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். ஒரு நிமிஷம் திக்கென்றுதான் இருந்ததாம். பிறகு, இத்தனை தடவை வந்து போகிறவர்கள், போர் தண்ணீரையும் எப்போதாவது எடுத்துப் பார்த்திருப்பார்கள், படித்தவர்கள் பார்க்காமலா சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். அவர் என்னை நம்பினார், நான் மோட்டார் சத்தத்தை நம்பினேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நாலரை மாதக் குழந்தை, கொழுகொழுவென்று இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் கொஞ்சுவது போலக் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். எல்லாம் சிவந்து நன்றாக இருந்தன. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன். நான் சோதித்தது இந்தத் தண்ணீர் இல்லை, இது குழந்தைக்கு ஆகாது, இன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட வேண்டாம், குழந்தையை ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடலாம், நானும் கூட வருகிறேன் என்று. வீட்டுக்காரம்மா இனிமேல் தானே கார்ப்பரேஷன் தண்ணீர் தருவதாக முந்திக்கொண்டு சொன்னார்.

அவள் பதறவில்லை. என் முகத்தைப் பார்த்து, எனக்குத்தான் ஆறுதல் தேவை என்று நினைத்தாளோ என்னவோ.

"நான் காய்ச்சித்தான் மேடம் குடுத்தேன். ஒரு நாள்கூட விட்டதில்ல."

"காய்ச்சினது நல்லதுதான்மா," என்றேன். அது பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். நடந்து முடிந்ததை இனி எதற்குச் சொல்லி நோகடிக்க வேண்டும் என்று இருந்தது.

அவள் உடனே வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினாள். நல்லவேளை காய்ச்சித்தான் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை பாருங்கள் என்றாள். வீட்டுக்காரம்மாவுக்குப் போன உயிர் வந்தது. தெருக்கோடி வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அவர்களுக்கும் போர் தண்ணீர்தான், நன்றாகக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பவே தயாரானார்.

"இல்லம்மா, சொல்லாதீங்க," என்றேன். "காய்ச்சினா கிருமிதான் சாகும். இது கிருமி இல்ல, உப்பு மாதிரி. தண்ணி சுண்டச் சுண்ட அது கெட்டியாகும்."

சமைக்கிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் எதற்கு? கொதிக்க வைக்கச் சொன்னது நான்தான், தப்பு என்னுடையது என்றேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்; திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் குழந்தையை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தட்டுப் போட்டு மூடிய பாத்திரத்தை எடுத்து வந்தாள். அன்று காலை காய்ச்சிய தண்ணீர், இன்னும் சூடு ஆறவில்லை. அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, வெறும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அரை மணி நேரம் கொதிக்க விடுவேன் மேடம்," என்றாள். "அஞ்சு நிமிஷம் போதும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."